இரண வைத்தியர் அம்புறுவாஸ் பரே

நூல்கள் இருவகையாற் பிறக்கின்றன. முன்னோர் நூல்களைக் கற்று, அவை கூறியவற்றைத் திரட்டி எழுதப்படுவன ஒருவகை. கண்ணாற் கண்டு, கையாற் செய்து, பிழைத்தவிடத்துத் திருந்தி, அதன்பின் எழுதப்படுவன மற்றொரு வகை. இரண்டும் உலகிற்கு வேண்டுவனவே. ஆயினும், முதல்வகை நூல் தவறுமிடத்து அதனைத் திருத்த வல்லது இரண்டாம் வகை நூலேயாம்.

1575ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தின் தலைநகராகிய பாரிசிலே ஒரு பெருநூல் அச்சேறியது. உடற்கூறு, காயம், எலும்பு முறிவு, மகப்பேறு, கொள்ளைநோய், நஞ்சு என 26 பகுதிகளாக அமைந்த அந்நூலிலே கருவிகளின் படங்களும் நிறைந்திருந்தன. அதன் முதற்பதிப்புப் பிரதிகள் இன்று பெருநூலகங்களிலே அரும்பொருளாகப் பேணப்படுகின்றன. அதனை எழுதியவரோ இலத்தீன் மொழி அறியாதவர். பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்திராதவர். நாவிதர்பால் தொழில் பயின்றவர். அவர்தாம் அம்புறுவாஸ் பரே என்பவர். கல்விச்சாலையொன்றின் விழா மலரிலே, கல்விச்சாலை காணாத ஒருவரின் வரலாற்றை எழுத யாம் விரும்பியமைக்குக் காரணம் உண்டு. அஃது இறுதியில் விளங்கும்.

பரே ஏறக்குறைய 1510ஆம் ஆண்டிலே, பிரான்சின் மேற்குப் பாகத்திலுள்ள இலாவல் நகருக்கு அணித்தான சிற்றூர் ஒன்றிலே, எளிய குடும்பத்திற் பிறந்தார். அக்காலத்து மருத்துவர் மூவகையினராய் இருந்தனர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற வைத்தியர் தலையாயவர். அவர் இலத்தீனிற் பேசுவர்; நாடி பார்ப்பர்; மருந்தை விதிப்பர்; குருதி படுதற்குக் கைநீட்டார். நீள் அங்கி தரித்த சத்திர வைத்தியர் இடையாயவர். அவர் சென் கோம் என்னும் கழகத்தைச் சார்ந்தவர். சவரத்தோடு கட்டி கீறுதலும், குருதி வாங்குதலும், காயத்திற்கு மருந்திடுதலும் செய்த நாவித வைத்தியர் கடையாயவர். நோயாளியின் உடலை உண்மையிலே தொட்டவர் பெரும்பாலும் இக்கடையாயவரே. பரியாரி என்னும் சொல் வைத்தியரையும் நாவிதரையும் ஒருங்கே குறித்து நம் தமிழில் வழங்கி வருதலை அறிந்தோர்க்கு இந்நிலை புதுமையாகத் தோன்றாது.

இளைஞராய்ப் பாரிசுக்கு வந்த பரே, அந்நகரின் பழைய பெரிய ஆஸ்பத்திரியாகிய ஓத்தெல் தியேயிலே மூன்றாண்டு வரை பணி செய்தார். ஏழைகளும் திக்கற்றோரும் நிறைந்த அவ்விடமே அவருக்குப் பள்ளி. உயிரோடிருந்தோர் உடலையும், இறந்தோர் உடலையும் அங்கே அவர் கற்றார். ஏட்டுக் கல்வி வாய்க்கப்பெறாத குறையை அம்மூன்றாண்டும் நிறைத்தன. பிற்காலத்திலே தம் தகுதியைப் பிறர் ஐயுற்றபோதெல்லாம் அவர் இவ்வாஸ்பத்திரி வாசத்தையே சான்றாக எடுத்துக் காட்டினார்.

1536–37இலே பிரான்சியப் படை அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் துரின் நகர்ப் புறமாகச் சென்றது. மொந்தெஜான் என்னும் தளபதியின் சத்திர வைத்தியராய்ப் பரே உடன் சென்றார். போர்க்களத்தை அவர் கண்டது அதுவே முதன்முறை. குதிரைகளைக் கட்டுதற்கு இடந்தேடி அவர் ஒரு கொட்டிலுட் புகுந்தபோது, அங்கே வெடிமருந்தால் முகம் சிதைந்து, கண்ணும் காதும் வாயும் பயனற்று, உடைகள் இன்னும் புகைந்துகொண்டிருக்கச் சில வீரர் சுவரிற் சாய்ந்து கிடந்தனர். முதிய படைவீரன் ஒருவன் வந்து, இவர்களைப் பிழைப்பிக்க வழியுண்டோ என வினவினான். இல்லை எனப் பரே விடையளித்தார். அம்முதியவன் சினம் சிறிதுமின்றி, மெல்ல அவர்களை அணுகி, ஒவ்வொருவராகக் கழுத்தை அறுத்து முடித்தான். பரே பதைத்து அவனைக் கடிந்தார். தனக்கு அந்நிலை நேர்ந்தால் தனக்கும் எவரேனும் அவ்வாறே செய்தல் வேண்டுமென இறைவனை வேண்டுவதாக அவன் கூறினான். போரை அறிந்த மண்ணிலே வாழும் எம்மவர்க்கு இந்நிகழ்ச்சிக்கு உரை வேண்டுவதில்லை. பிழைப்பிக்க வழியில்லை என்று தாம் சொல்லிய சொல்லைப் பரே வாழ்நாள் முழுவதும் மறந்திலர். அதனை முதுமையில் தாமே எழுதி வைத்தார்.

துப்பாக்கிக் காயம் அக்காலத்துப் புதிய காயம். வெடிமருந்து நஞ்சு ஆதலின் அக்காயமும் நஞ்சேறியது என்பது இத்தாலிய ஆசிரியராகிய வீகோ என்பவர் எழுதி வைத்த கொள்கை. நஞ்சை எரித்தற்பொருட்டு, சம்புகம் என்னும் செடியின் எண்ணெயைக் கொதிக்கக் காய்ச்சிக் காயத்தினுள்ளே வார்த்தல் வேண்டும் என்பது அதன் வழிவந்த விதி. பரேயும் அந்நூலைப் படித்தவரே. ஆயினும், அவ்வெண்ணெயை வார்க்குமுன் ஏனைய சத்திர வைத்தியர் செய்தலைக் கண்டு உறுதி செய்துகொண்டார். அவர்கள் செய்தவாறே தாமும் செய்தார்.

ஒருநாள் காயமுற்றோர் தொகை மிகுந்தது, எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி, முட்டையின் மஞ்சட் கரு, ரோசாப்பூ எண்ணெய், தேவதாரு வகை மரத்தினின்றும் வடியும் தர்ப்பந்தைலம் ஆகிய மூன்றையும் குழைத்து எஞ்சியோர்க்கு இட்டார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. எரிக்காது விட்டமையால் அவர்கள் நஞ்சேறி மாண்டிருப்பரோ என அஞ்சினார். வைகறையில் எழுந்து சென்று பார்த்தார். குழம்பிடப்பட்டவர்கள் வேதனை குறைந்து, வீக்கமும் அழற்சியுமின்றி, இரவு நன்கு துயின்றிருந்தனர். கொதியெண்ணெய் வார்க்கப்பட்டவர்களோ காய்ச்சலுற்று, காயத்தைச் சூழ வீங்கி, வேதனையால் வருந்திக் கிடந்தனர். துப்பாக்கிக் காயமுற்ற எளியோரை இனி ஒருபோதும் இக்கொடுமைக்கு உள்ளாக்குவதில்லை என அன்று அவர் தம்முள் உறுதி கொண்டார்.

எண்ணெய் தீர்ந்தமை தற்செயலே. அப்படைக்களத்திலே வேறு பலருக்கும் எண்ணெய் தீர்ந்திருத்தல் கூடும். ஆயின், உறக்கம் வராமையும், விடியுமுன் எழுந்தமையும், இருசாராரையும் அருகருகே நோக்கி ஒப்பிட்டமையும், கண்டதை நூலினும் மேலாகக் கொண்டமையும் தற்செயல் அல்ல. அவை பரேயின் குணம். நோயாளியின்பால் இரக்கமில்லாதவர்க்கு அவ்விரவு உறக்கம் வந்திருக்கும், உறங்கியவர் கண்டிருக்கமாட்டார்.

அவர் யாவரிடத்தும் கற்றார். தளபதியின் அடுக்களைச் சிறுவன் ஒருவன் காய்ந்த எண்ணெயில் விழுந்து வெந்துபோனபோது, மருந்து வாங்கச் சென்றவிடத்தில் நாட்டுப்புறக் கிழவி ஒருத்தி, பச்சை வெங்காயத்தை உப்போடு இடித்து இடுமாறு அவருக்குக் கூறினாள். அவர் அதனை இகழவில்லை, அவ்வாறே நம்பிவிடவுமில்லை. வெங்காயம் இட்ட இடத்திலே கொப்புளம் எழாமையையும், இடாத இடத்தில் எழுந்தமையையும் கண்டார். பின்னர் வெடிமருந்தால் முகமும் கையும் வெந்த காவலன் ஒருவனுக்கு ஒரு பாகத்தில் வெங்காயமும் மறு பாகத்தில் வழக்கமான மருந்தும் இட்டு மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் இதனைச் செய்தபோது, ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் முறைக்கு இன்னும் ஒரு பெயர்தானும் ஏற்பட்டிருக்கவில்லை.

1541இலே பாரிசில் நாவித வைத்தியராகத் தேர்ச்சி பெற்றார். மறு ஆண்டு பெர்ப்பிஞ்ஞான் முற்றுகையிலே தளபதி பிறிசாக்கின் தோளிற் குண்டு பாய்ந்தது. குண்டு இருக்குமிடம் எவர்க்கும் புலப்படவில்லை. பரே அவரைக் குண்டு பட்ட வேளையில் நின்றவாறே நிற்கச் செய்து தடவிப் பார்த்து, அஃது இருந்த இடத்தைக் காட்டினார். நோயாளி கட்டிலிற் கிடக்குங்காற் காணப்படாதது, அவர் நின்றவாறு நிற்கவே காணப்பட்டது.

1545இலே துப்பாக்கிக் காயத்திற்கு மருந்திடும் முறைபற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. அதனை அவர் பிரெஞ்சு மொழியில் எழுதினார். இலத்தீன் அறியாமையால் அவ்வாறு எழுதினார் எனக் கூறல் பாதி உண்மையே. அந்நூல் யாரைச் சென்றடைதல் வேண்டுமோ அவரும் இலத்தீன் அறியாதவர் என்பது மற்றைப் பாதி. கூடாரங்களிலே கத்தியோடும் துணிச்சுருளோடும் நின்ற நாவித இளைஞர்க்கு, அவர்தம் தாயார் பேசிய மொழியிலே எழுதப்பட்டாலன்றி அந்நூல் பயன்படாது. எழுதியவர் பெருமைக்கு இலத்தீன் உதவும். காயமுற்றவன் உயிருக்குப் பிரெஞ்சே உதவும்.

1552இலே தம்வில்லியே முற்றுகையிற் குண்டடிபட்ட ஒருவரின் காலை வெட்ட நேர்ந்தது. வெட்டியபின் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுடுதலே வழக்கம். பரே சுடவில்லை, குருதிக் குழாய்களைக் குறட்டினாற் பற்றி நூலினாற் கட்டினார். நோயாளி பிழைத்து, மரக்கால் தரித்து வீடு சென்றார். குழாயைக் கட்டுதல் பண்டை யவன வைத்தியரும் அறிந்திருந்ததே. அங்கம் வெட்டுமிடத்து அதனைக் கையாண்டமையே பரேயின் புதுமை. 1564இல் வெளியிட்ட நூலிலே, தாமும் முன்னர் இரும்பாற் சுட்டமையை மறைக்காது எழுதி, அக்கொடிய முறையைக் கைவிடுமாறு இளைஞரை வேண்டினார். தாம் செய்த பிழையைத் தம் நூலிலேயே அச்சிடத் துணிந்தமை அவர் புகழுக்கு இன்னுமொரு காரணம்.

1552ஆம் ஆண்டிலேயே அரசன் இரண்டாம் ஹென்றி அவரைத் தன் சத்திர வைத்தியருள் ஒருவராக ஏற்றான். அவ்வாண்டின் பனிக்காலத்திலே மெற்ஸ் நகரைச் சக்கரவர்த்தி ஐந்தாம் சாள்ஸின் பெரும்படை சூழ்ந்தது. அகப்பட்ட வீரர்க்கு வைத்திய உதவி வேண்டியிருந்தமையால், பகைவர் தளபதி ஒருவனுக்குக் கைப்பொருள் கொடுத்து, இரவிலே பரே நகரினுள்ளே கொண்டுவிடப்பட்டார். அவரைக் கண்ட வீரர், இனிக் காயமுற்றாலும் இறவோம் என மகிழ்ந்தனராம். மறு ஆண்டு எடேன் கோட்டை வீழ்ந்தபோது அவர் சிறைப்பட்டார். மீட்சிப்பணம் பெரிதாகக் கேட்கப்படுமென அஞ்சி எளியவன்போல வேடம் பூண்டார். ஆயினும், பகைவருள் ஒரு பிரபுவின் நாட்பட்ட காற்புண்ணை ஆற்றவே, அவர் மீட்சிப்பணமின்றி விடுவிக்கப்பட்டார். பகைவன் காலிலும் புண் புண்ணே என்பது அவருடைய வைத்திய நெறி. ஒருவர் குணமடைந்தபோது, தாம் மருந்திட்டது மட்டுமே, ஆற்றியவர் இறைவனே எனச் சொல்லுதல் அவர் வழக்கம்.

1554இலே நீள் அங்கியாரின் சென் கோம் கழகம் இவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. இலத்தீன் அறியாத ஒருவருக்கு அக்கதவு திறந்தமை அன்று பலர் வியப்பிற்கும் சிலர் நகைப்பிற்கும் இடமாயிற்று.

புகழ் வந்தவிடத்துத் தோல்வியும் வந்தது. 1559இலே விழாப் போட்டியொன்றில் ஈட்டியின் சிம்பு இரண்டாம் ஹென்றியின் கண்வழியே பாய்ந்தது. பரேயும், உடற்கூற்று நூலாற் பெரும்புகழ் பெற்ற வெசாலியசும் அம்மன்னன் கட்டிலருகே நின்றனர். இருபெரும் வல்லுநரும் நின்றும் அரசன் பிழைத்திலன். 1561இலே குதிரை உதைத்துப் பரேயின் சொந்தக் காலெலும்பு இரண்டும் முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்தன. அத்தகைய காலை வெட்டுதலே அக்கால வழக்கம். அவர் வெட்டவிடாது எலும்பைப் பொருத்துவித்து, நீண்டநாட் கிடந்து நலம்பெற்றார். பிறர்க்கு விதித்த வேதனை இன்னதெனத் தம் உடலால் அறிந்தார்.

இரண்டாம் பிரான்சிஸ், ஒன்பதாம் சாள்ஸ், மூன்றாம் ஹென்றி ஆகிய பின்வந்த மன்னர் மூவருக்கும் அவர் பணிபுரிந்தார். 1562இலே முதன்மைச் சத்திர வைத்தியரானார். மான் வகை விலங்கின் வயிற்றிற் பிறக்கும் பெசோவார் என்னும் கல் எல்லா நஞ்சையும் முறிக்கும் எனச் சாள்ஸ் மன்னன் நம்பினான். நஞ்சுகள் வெவ்வேறு இயல்பின ஆதலின் ஒரே பொருள் எல்லாவற்றையும் முறித்தல் இயலாது எனப் பரே மறுத்தார். தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவன், பிழைத்தால் விடுதலை என்னும் நிபந்தனையுடன் நஞ்சையும் அக்கல்லையும் உட்கொண்டான். ஏறக்குறைய ஏழு மணிநேரத்திலே துடித்து மாண்டான். கல் பொய்யாயிற்று. எனினும், மனிதன் ஒருவனை அவ்வாறு சோதனைப் பொருளாக்கியமையை இன்று எந்த வைத்திய நெறியும் ஏலாது. அக்காலத்தின் இருளும் பரேயின் கதையில் உண்டு என்பதை மறைத்தல் வரலாறாகாது.

அவ்விருள் அவர் நூலிலும் உண்டு. பிணத்தினின்றும் செய்த மம்மி மருந்தையும், ஒற்றைக்கொம்பு மாவின் கொம்பையும் 1582இலே துணிந்து மறுத்த அவரே, பூதப்பிறவிகள் பற்றிய நூலிலே பிறர் சொல்லிய நம்பத்தகாத கதைகள் பலவற்றை எழுதி வைத்தார். தாம் கண்டவிடத்துத் தெளிவும், காணாதவிடத்து நம்பிக்கையும் அவர்பால் விளங்கின. அவரைப் பயில்வார் முன்னதைக் கொண்டு பின்னதை விடுக.

இனி, முதலிற் கூறிய பெருநூலுக்கு வருவோம். 1575இலே அது வெளிவந்தவுடன் பாரிசு வைத்திய பீடத்தார் சினந்தெழுந்தனர். வைத்திய நூல் எதுவும் தம் இசைவின்றி விற்கப்படலாகாது என்னும் பழைய ஆணையொன்றைக் காட்டி அதன் விற்பனையைத் தடுக்க முயன்றனர். சத்திர வைத்தியர் ஒருவர் காய்ச்சலைப்பற்றி எழுதியது குற்றம்; மறைவாகப் பேசற்குரியவற்றைப் பிரெஞ்சு மொழியில் எழுதியது பெருங்குற்றம். எல்லாரும் படிக்கத்தக்கதாய் இருந்தமையே அந்நூலின் தலையாய குற்றம் எனின் பொருந்தும். தடை வெல்லவில்லை. 1579இலே மறுபதிப்பு வந்தது. 1582இலே, அவருடைய மாணவராகிய கில்லமோவின் முயற்சியால், பீடத்தார் பேசிய இலத்தீன் மொழிக்கே அந்நூல் பெயர்க்கப்பட்டது.

பீடத்தின் தலைவராயிருந்த கூர்மெலன் என்பார் குழாய் கட்டும் முறையைப் பழித்து எழுதினார். 1585ஆம் ஆண்டுப் பதிப்பிலே பரே விடையிறுத்தார். முதலிற் பண்டை ஆசிரியர் மேற்கோள்களாலேயே தம் முறைக்கு அரண் செய்தார். பின்னர், தாம் சென்ற போர்க்களங்களையும் முற்றுகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விரித்துரைத்து, நாற்காலியிலிருந்து எழாத ஒருவர் தமக்குக் கற்பிக்க வருவது தகுமோ எனக் கேட்டார். எழுபத்தைந்து வயது முதியவரின் அவ்விடை இன்றும் படிப்போர்க்குச் சுவை பயக்கின்றது. அவர் நூல் ஒல்லாந்து மொழியிலும், ஜேர்மன் மொழியிலும், 1634இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஒல்லாந்தர் கப்பலேறி நாகசாக்கியை அடைந்து, யப்பானிய வைத்தியர்க்கும் பயன்பட்டது.

1590இலே பாரிசு நகரை நாலாம் ஹென்றியின் படை சூழ்ந்தது. நகரினுள்ளே பசியால் மக்கள் மடிந்தனர். அந்நாளில், பாலத்தருகே கூட்டத்தினிடையே சென்றுகொண்டிருந்த லியோன் நகர்ப் பேராயரை எண்பது வயதுக் கிழவர் ஒருவர் மறித்தார். சூழ நின்ற ஏழைகள் பசியால் இறக்கின்றனர், அவர்கள்பொருட்டு இறைவனின் பெயரால் அமைதி தேடித் தருக, இன்றேல் அவர்கள் பழி உம்மைச் சாரும் என்று உரத்துக் கூறினார். பேராயர் மறுமொழி பேசாது நின்று கேட்டுச் சென்றார். அக்கிழவர் பரே. அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அன்று கொட்டிலினுள்ளே பிழைப்பிக்க வழியில்லை எனச் சொல்லிய இளைஞர், இறுதியிலே போரையே நிறுத்துமாறு கேட்டு நின்றார். ஐம்பதாண்டு காயம் கட்டிய கை, காயத்திற்கு மூலம் எதுவென அறிந்துவிட்டது.

கல்விச்சாலை காணாத இவர் வரலாற்றைக் கல்விச்சாலை மலரில் எழுதியமைக்குக் காரணம் இதுவே. கல்விச்சாலைகள் இரு தவறுகளுக்கு என்றும் இடமாகலாம்: நூலிற் கண்டதைக் கண்ணிற் கண்டதினும் பெரிதாகக் கொள்ளுதல் ஒன்று, கையாற் செய்வோனைக் கருத்தாற் செய்வோனிற் சிறியனாகக் கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் பாரிசுப் பீடத்தார் செய்தனர். அவர்கள் கற்றோர்தாம், அதனாலேயே அவர்கள் பிழை நமக்கு எச்சரிக்கையாகின்றது.

தாய்மொழி பற்றியும் ஒரு சொல். அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இலே யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். இரண வைத்தியம் உட்பட நூல்கள் பலவற்றைத் தமிழில் ஆக்கினார். கற்பவனுக்கு விளங்காத மொழியிற் சொல்லப்படும் வைத்தியம் நோயாளியைச் சென்றடையாது என்பதைப் பரேயைப்போலவே அவரும் உணர்ந்திருந்தார். தமிழ் கற்பிக்கும் எமக்கு இவ்விருவரையும் ஒருங்கு நினைத்தல் மகிழ்ச்சி தருகின்றது.

மாணவச் செல்வர்களே, நீவிர் நூல்களைக் கற்க, நன்கு கற்க. கற்றபின், செய்த வேலையைப் பார்த்துவர விடியுமுன் ஒருமுறை எழுந்து செல்க. நூல் சொல்லியவாறு இருப்பின் மகிழ்க. வேறாக இருப்பின், கண்டதை எழுதி வைக்க. பழைய மாணவராகிய பெரியோர் பலர் வைத்தியராயும், பொறியியலாளராயும், கமக்காரராயும், கைவினைஞராயும் வாழ்கின்றனர். அவர் யாவரும் இக்கல்லூரிக்கு ஒருபடித்தான பிள்ளைகளே.